வீட்டுல கெக் வச்சு இஞ்சி சோடா, ஜாதிக்காய் சோடா: பினாங்கு வெயிலுக்கு ஏத்த முழு வழிகாட்டி

கெக், அதாவது கேஸ் அழுத்தத்தைத் தாங்குற மூடி போட்ட ஸ்டீல் பாத்திரம், வாங்கினவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எத்தனை பிஎஸ்ஐ வைக்கணும்"னுதான், பிஎஸ்ஐன்னா அழுத்தத்தை அளக்குற அளவு. அதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற பானம் எத்தனை டிகிரில இருக்குன்னு பாருங்க, ஏன்னா கார்பன் டை ஆக்சைடு சில்லுனு இருக்கிற தண்ணியிலதான் நல்லா கரையும், சூடு ஏற ஏற வெளிய ஓடிரும். நம்ம பினாங்குல சமையலறையில சும்மா வச்ச தண்ணியே 30 டிகிரி இருக்கும், அதனால குளிர் நாட்டுக்காரங்க எழுதி வச்ச அளவை அப்படியே எடுத்து வச்சா சோடா சப்புனுதான் வரும். இந்த வழிகாட்டி முழுக்க நான் திரும்பத் திரும்ப சொல்லப் போறது ஒண்ணுதான், முதல்ல குளிர வைங்க, அப்புறம் கேஸ் குடுங்க, அதுக்கப்புறம் பொறுமையா இருங்க.

இதுல சாராயம் கிடையாது, இஞ்சியும் ஜாதிக்காயும்தான். ஆனா சாமான் எல்லாம் வீட்டுல பீர் காய்ச்சுறவங்க வச்சிருக்கிற அதே சாமான். உண்மையைச் சொன்னா இந்த உயரமான ஸ்டீல் கெக் சோடா கம்பெனிங்களுக்காகவே வந்தது, குழாய் மாட்டுற முனையில பெப்சிக்கு பால் லாக், கோக்குக்கு பின் லாக்னு ரெண்டு வகை ஓடிக்கிட்டிருந்துச்சு, அப்புறம் அவங்க பெட்டிக்குள்ள பையில வர்ற சிரப்புக்கு மாறினதும் பழைய கெக் எல்லாம் பீர் காய்ச்சுறவங்க கைக்குப் போச்சு. அதனால சோடாவுக்கு இதைவிட பொருத்தமான பாத்திரம் கிடையாது.

கணக்கு கொஞ்சம்

எவ்வளவு கேஸ் கரைஞ்சிருக்குன்னு சொல்றதுக்கு வால்யூம்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. 1 லிட்டர் பானத்துல 1 லிட்டர் கேஸ் கரைஞ்சிருந்தா 1 வால்யூம், எடையில பாத்தா கிட்டத்தட்ட 2 கிராம். சாதாரண பீர் 2.5 வால்யூம் கிட்ட இருக்கும், இஞ்சி சோடா மாதிரி நாக்குல சுருக்குனு குத்தணும்னா 3.5 வேணும், வெறும் சோடாத் தண்ணிக்கு 4 வரைக்கும் போகலாம்.

பானம் 4 டிகிரியில இருந்தா 12 பிஎஸ்ஐ வச்சா 2.5 வால்யூம் வரும், 17 வச்சா 3, 22, 23 வச்சா 3.5, 28 வச்சா 4. இப்ப அதே பானம் 30 டிகிரியில இருக்குன்னு வைங்க, 2.5 வால்யூமுக்கே 38 பிஎஸ்ஐ தேவைப்படும், 3.5 வேணும்னா 57. அந்த 12 பிஎஸ்ஐயையே 30 டிகிரியில வச்சா வெறும் 1.1தான் கிடைக்கும், அதைக் குடிச்சா நேத்து மூடி திறந்து வச்ச சோடா மாதிரி இருக்கும். இந்த அஞ்சாறு நம்பரையும் ஒரு தாள்ல எழுதி ஐஸ்பெட்டி கதவுல ஒட்டிருங்க, இதுக்கு மேல கணக்கு தேவையே இல்ல.

சாமான்

19 லிட்டர் கெக் ஒண்ணு. வீட்டுல ரெண்டு மூணு பேர்தான்னா 9 லிட்டர் கெக்கே போதும், சாதாரண ஐஸ்பெட்டியில ஒரு தட்டைக் கழட்டினா நின்னுரும். 19 லிட்டர் கெக் 60 சென்டிமீட்டருக்கு மேல உயரம், அதுக்கு மேல டிஸ்கனெக்டுக்கும் (குழாயைக் கெக்குல மாட்டிக் கழட்டுற இணைப்பு) ட்யூபுக்கும் இடம் வேணும், அதனால ஐஸ்பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி அளவு டேப்போட கடைக்குப் போங்க. பெட்டி ஃப்ரீசர் வாங்கி வெளிய ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டி 3, 4 டிகிரியில நிறுத்துறதுதான் எனக்குப் பிடிச்ச வழி, மூடி மேல திறக்குறதால திறக்கும்போது குளிர் கீழயே தங்கிரும், நம்ம ஊர்ல இது பெரிய விஷயம்.

கேஸ் சிலிண்டர்ல இருந்து வர்ற அழுத்தத்தைக் குறைச்சு நமக்கு வேணும்கிற அளவுல வைக்கிற ரெகுலேட்டர்லதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. வெல்டிங்குக்கு வர்றது நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு காட்டும், அது நமக்கு ஆகாது. மீன் தொட்டிக்கு வர்றதுல நிறைய குறைஞ்ச அழுத்தத்துல நின்னுரும். 0 முதல் 60 பிஎஸ்ஐ வரைக்கும் திருகி வைக்கிற மாதிரி ரெகுலேட்டரா பாத்து கேளுங்க. சிலிண்டர் வாயில இருக்கிற மரை எந்த வகைன்னு முதல்ல பாத்துட்டு அதுக்குப் பொருந்துற ரெகுலேட்டரை வாங்குங்க, மரையில ஒண்ணுக்கு மேற்பட்ட வகை இருக்கு, கடைசியில ரெண்டும் சேராம நிக்கக் கூடாது.

அப்புறம் கேஸ் லைன்ல ஒரு ஒன் வே வால்வு கண்டிப்பா போடுங்க. கெக்குக்குள்ள அழுத்தம் ரெகுலேட்டரைவிட அதிகமாயிட்டா சீனித் தண்ணி திரும்பி ஏறி ரெகுலேட்டருக்குள்ள போயிரும், அப்புறம் அது பிசுபிசுனு ஒட்டிக்கிட்டு உருப்படாது. பானம் தொடுற இடம் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லன்னா உணவுக்கு ஏத்த பிளாஸ்டிக்கா இருக்கணும். பித்தளை, செம்பு கூடவே கூடாது, கேஸ் ஏறின தண்ணி புளிப்பு, அது செம்பைக் கரைச்சு பானத்துல சேத்துரும், குடிச்சா வாந்தி வரும். பழைய சாமான்ல தளதளன்னு மின்னுற குழாயைப் பாத்து ஏமாந்துராதீங்க, குரோம் பூச்சுக்கு அடியில பித்தளை இருக்கலாம்.

சிலிண்டரை மதிக்கணும்

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள்ள திரவமாத்தான் இருக்கும், ஆனா 31 டிகிரி தாண்டினா திரவம் கேஸ்னு வித்தியாசமே இல்லாம போயிரும், எவ்வளவு அழுத்தம் குடுத்தாலும் திரவமாகாது. நம்ம மத்தியான வெயிலு அந்த 31ஐ சாதாரணமா தொட்டுட்டு போகும். 30 டிகிரியிலயே சிலிண்டருக்குள்ள 70 பாருக்கு மேல, அதாவது 1000 பிஎஸ்ஐக்கு மேல அழுத்தம் இருக்கும், அதனால வெயில்ல நிறுத்தின கார் பூட்டுல சிலிண்டரை விட்டுட்டு கோப்பிக் கடையில உக்காந்து பேசிக்கிட்டிருக்காதீங்க. கடையில நிரப்பினதும் நேரா வீட்டுக்கு வாங்க, படுக்க வைக்காம நிமித்தி கட்டுங்க, கண்ணாடியை இறக்கி விடுங்க. உணவு தரத்துல உள்ள கேஸ் வேணும்னு சொல்லிக் கேளுங்க, சிலிண்டர் கழுத்துல டெஸ்ட் தேதி அடிச்சிருக்கான்னும் பாருங்க.

இன்னொண்ணு, ரெகுலேட்டர்ல பெரிய அழுத்தம் காட்டுற மீட்டரைப் பாத்து "இன்னும் நிறைய இருக்கு"ன்னு நினைக்காதீங்க, உள்ள திரவம் இருக்கிற வரைக்கும் அது வெயிலுக்கு ஏத்த மாதிரிதான் காட்டும், காலியாகப் போற நேரத்துலதான் கடகடன்னு இறங்கும். கழுத்துல காலி எடை அடிச்சிருப்பாங்க, தராசுல வச்சு கழிச்சுப் பாருங்க, அதுதான் சரியான கணக்கு. 19 லிட்டருக்கு 3.5 வால்யூம் ஏத்த கிட்டத்தட்ட 130 கிராம் கேஸ் கரையும், ஊத்தி முடிக்கிறதுக்குள்ள இன்னொரு 80, 90 கிராம் போகும், 2 கிலோ சிலிண்டர் எட்டு கெக் கிட்ட ஓடும்.

ஃபிளாட்டுல இருக்கவங்க கவனமா கேளுங்க, இந்த கேஸ் காத்தைவிட கனம், கீழ தேங்கும், வாசனை கிடையாது. மூடின ஸ்டோர் ரூம்ல சிலிண்டர் வைக்காதீங்க, சன்னல் உள்ள இடமா பாத்து, விழாத மாதிரி சங்கிலி போட்டு நிறுத்துங்க. பெட்டி ஃப்ரீசருக்குள்ள லீக் ஆனா கேஸ் பூரா அதுக்குள்ளயே நிக்கும், மூடியைத் திறந்த உடனே தலையை உள்ள விடாம கொஞ்சம் நின்னுட்டு அப்புறம் குனியுங்க. பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா பூட்டு போடுங்க.

பானம் தயாரிக்கிறது

17 லிட்டருக்கு நான் போடுறது முத்தின இஞ்சி ஒரு கிலோ, பெந்தோங் இஞ்சி கிடைச்சா ரொம்ப நல்லது, காரம் தொண்டை வரைக்கும் இறங்கும். சீனி ஒன்றரை கிலோ. கஸ்தூரி எலுமிச்சை ஒரு முப்பது பழம். இஞ்சியைத் தோலோட கழுவி அரைச்சு நாலஞ்சு லிட்டர் தண்ணியில இருபது நிமிஷம் கொதிக்க விட்டு, கோப்பி காய்ச்சுற துணிப்பையில ஒரு தடவை வடிகட்டி, ராத்திரி முழுக்க ஐஸ்பெட்டியில அசையாம வைங்க. காலையில பாத்தா அடியில வெள்ளையா மாவு மாதிரி ஒரு படிவு உக்காந்திருக்கும், அது இஞ்சியோட ஸ்டார்ச். மேல தெளிஞ்சதை மட்டும் மெதுவா சாய்ச்சு எடுத்துட்டு அந்த மாவை விட்டுருங்க, அது கெக்குக்குள்ள போனா நுரை அடங்கவே அடங்காது, அடியில இருந்து பானத்தை மேல கொண்டு வர்ற நீளக் குழாயோட வாயிலயும் போய் அடைச்சுக்கும்.

ஜாதிக்காய்க்கும் இதே முறைதான். பாலிக் புலாவ் பக்கம் தோட்டத்துப் பழம் கிடைச்சா கொட்டையை எடுத்துட்டு சதையை மட்டும் நறுக்கி சீனியோட மெல்லிசா கொதிக்க வைங்க, ரொம்ப நேரம் வச்சா நிறம் பழுப்பாயிரும், ருசியும் கனமாயிரும். கடையில குடுக்கிற மாதிரி அசாம் போய் (உப்பும் புளிப்புமா காய வச்ச பழம்) போடணும்னா கிளாஸ்ல போடுங்க, கெக்குல போடாதீங்க. கேஸ் உள்ள பானத்துல அசாம் போய் விழுந்ததும் பொங்கிக்கிட்டு வரும், அதனால அசாம் போயை முதல்ல போட்டுட்டு அது மேல சோடாவை மெதுவா ஊத்துங்க.

மீதித் தண்ணியையும் கொதிக்க வச்சு ஆற வைங்க. குழாய்த் தண்ணியோட குளோரின் வாசனை போறதுக்கு மட்டும் இல்ல, தண்ணிக்குள்ள கரைஞ்சிருக்கிற காத்தும் வெளிய போயிரும், அந்தக் காத்து உள்ள இருந்தா ஊத்தும்போது கேஸையும் இழுத்துக்கிட்டு நுரையா வந்துரும். எல்லாத்தையும் கலந்து, எலுமிச்சைச் சாறை விதை சக்கை இல்லாம வடிகட்டி சேத்து, ருசி பாருங்க. கேஸ் ஏறினதும் புளிப்பு கொஞ்சம் கூடும், இனிப்பு கொஞ்சம் அடங்கும், அதை மனசுல வச்சு சீனி பாருங்க.

கெக்ல ஊத்தி மூடுறது

கெக்கைக் கழுவி, கிருமி நீக்குற மருந்துத் தண்ணியை உள்ள எல்லாப் பக்கமும் படுற மாதிரி ஆட்டி வடிச்சுட்டு பானத்தை ஊத்துங்க. வாய் வரைக்கும் நிரப்பக் கூடாது, உள்ள கேஸ் பக்கத்துல ஒரு குட்டைக் குழாய் தெரியும்ல, அதோட முனையைப் பானம் தொடவே கூடாது. 19 லிட்டர் கெக்குல 17, 18 லிட்டரோட நிறுத்துங்க.

மூடியோட பெரிய ரப்பர் வளையத்துல உணவுக்கு ஏத்த சிலிக்கான் கிரீஸ் ஒரு விரல் நுனி அளவு தேய்ங்க. மூடியைப் போட்டு கொக்கியை இறக்குங்க. கேஸ் பக்கம் எதுன்னு குழப்பமா இருந்தா போஸ்ட்டை, அதாவது டிஸ்கனெக்ட் மாட்டுற முனையைப் பாருங்க, கேஸ் போஸ்ட்டோட அடியில சின்னதா வெட்டு இருக்கும். கிரே, இல்லன்னா வெள்ளை டிஸ்கனெக்ட் கேஸுக்கு, கருப்பு பானத்துக்கு, மாத்தி அழுத்தினா சிக்கிக்கிட்டு கழட்டவே வராது.

சிலிண்டரைத் திறக்குறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர் திருகை முழுசா தளர்த்துங்க, அப்புறம் சிலிண்டரை மெதுவா திறந்து, திருகை வலப்பக்கம் திருப்பி 30 பிஎஸ்ஐக்கு கொண்டாங்க. கேஸ் உஸ்ஸுனு போகும், அந்த அழுத்தத்துலதான் மூடி நல்லா உக்காரும். சத்தம் நின்னதும் மூடி மேல இருக்கிற, அழுத்தத்தை வெளிய விடுற இழுப்பு வளையத்தை ஒரு நொடி இழுத்து விடுங்க, உள்ள இருந்த காத்து போகட்டும், மறுபடி நிரம்பட்டும், இப்படி நாலு தடவை. காத்து உள்ளயே இருந்தா மீட்டர் காட்டுற அழுத்தத்துல ஒரு பங்கு அதோடதா போயிரும், நீங்க நினைச்ச வால்யூம் வராது. அப்புறம் சோப்பு நுரையை மூடி ஓரம், ரெண்டு போஸ்ட், ரெகுலேட்டர் மரை எல்லா இடத்துலயும் தடவி குமிழி வருதான்னு நிதானமா பாருங்க. இதை விட்டுட்டா ஒரு ராத்திரியில சிலிண்டர் காலி.

கேஸ் ஏத்துறது

கெக்கை ஐஸ்பெட்டியில வச்சு ஒரு முழு நாள் குளிர விடுங்க. 17 லிட்டர் தண்ணி நீங்க நினைக்கிற வேகத்துல குளிராது, பெட்டிக்குள்ள காத்து 4 டிகிரி காட்டுறதால பானமும் 4 டிகிரின்னு அர்த்தம் இல்ல.

நான் சிபாரிசு பண்ற வழி இதுதான், ரெகுலேட்டரை 22, 23 பிஎஸ்ஐயில வச்சு, கேஸை மாட்டின படியே, ஒரு வாரத்துல இருந்து பத்து நாள் தொடாம விடுறது. அதுக்கு மேல கேஸ் ஏறவே முடியாது, அழுத்தமும் கரைஞ்சதும் சமமானதும் அதுவா நின்னுரும், ஊருக்குப் போயிட்டு வந்தாலும் கெட்டுப் போகாது. குமிழியும் பொடிப்பொடியா நுணுக்கமா இருக்கும்.

வாரக் கடைசியில வீட்டுல திறந்த இல்ல உபசரிப்பு இருக்கு, அவசரம்னா குளிர்ந்த கெக்குக்கு 40 பிஎஸ்ஐ குடுத்து 24 மணி நேரம் விட்டு, அப்புறம் கேஸைக் கழட்டி மேல இருக்கிற அழுத்தத்தை வெளிய விட்டுட்டு 22ல மாட்டி இன்னும் ரெண்டு நாள் வைங்க. நல்லாவே வரும். கெக்கைப் படுக்க வச்சு உருட்டி பத்து நிமிஷத்துல ஏத்துற வழியும் இருக்கு, வெறும் சோடாத் தண்ணிக்கு அதைத் தாராளமா செய்யலாம், ஆனா சீனியும் இஞ்சியும் உள்ள பானத்துக்கு நான் சொல்ல மாட்டேன், எங்க நிறுத்தணும்னு தெரியாம அளவு தாண்டிரும், அப்புறம் நுரை அடங்க ஒரு நாள் காத்திருக்கணும், காப்பாத்தின நேரம் அங்க போயிரும்.

சரியா ஏறிடுச்சான்னு தெரிஞ்சுக்க ஒரு நல்ல வழி இருக்கு. மீட்டர் வச்ச கேஸ் டிஸ்கனெக்ட் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. கேஸ் லைனைக் கழட்டிட்டு கெக்கை நல்லா ஒரு நிமிஷம் ஆட்டி, அந்த மீட்டரை மாட்டிப் பாருங்க. பானம் 4 டிகிரியில இருந்து மீட்டர் 22 காட்டினா உள்ள 3.5 வால்யூம் இருக்கு, 12 காட்டினா இன்னும் 2.5தான், காத்திருங்க. ஆட்டின பிறகு சில மணி நேரம் ஆற விட்டுதான் ஊத்தணும்.

ஊத்துறது

22 பிஎஸ்ஐ அழுத்தத்தோட வர்ற சோடாவை மூணு மீட்டர் குழாயில விட்டா சீறிக்கிட்டு வந்து கிளாஸ் பூரா நுரையாத்தான் இருக்கும். மூணு மீட்டர் எல்லாம் பீருக்குத்தான் சரி. உள்விட்டம் 4.8 மில்லிமீட்டர் குழாயா இருந்தா சோடாவுக்கு ஆறு, ஏழு மீட்டர் வேணும், சுருட்டி கெக்கு மேலயே ஐஸ்பெட்டிக்குள்ள வைங்க. அவ்வளவு குழாய் வேணாம்னா வேகத்தைக் குறைக்கிற திருகு உள்ள ஊத்துற டேப் வாங்குங்க. அழுத்தத்தைக் குறைச்சு ஊத்தலாம்னு நிறைய பேர் செய்றாங்க, ஒரு நாள் விருந்துக்கு ஓகே, அப்படியே விட்டுட்டா ரெண்டு மூணு நாள்ல சோடா இளைச்சுப் போயிரும்.

முதல் கிளாஸ் எப்பவும் நுரையாத்தான் வரும், டேப் வெளிய 32 டிகிரியில நிக்குது, அதைத் தொட்டதும் கேஸ் பிரிஞ்சிரும். கிளாஸையும் குளிர வச்சு, சாய்ச்சுப் பிடிச்சு, டேப்பை முழுசா திறந்து ஊத்துங்க, பாதி திறந்தா இன்னும் மோசம். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்க கெக்கை வெளிய எடுத்து அஞ்சு நிமிஷம் வைங்க, நம்ம ஈரக் காத்துக்கு கெக் வேர்க்கும், பானம் உள்ள உயரம் வரைக்கும் கனமா வேர்வை நிக்கும், அந்தக் கோடுதான் மட்டம்.

சப்புனு இருந்தா முதல்ல தெர்மாமீட்டரை ஒரு கிளாஸ் பானத்துல விட்டுப் பாருங்க, அடுத்தது சோப்பு நுரை. அளவு தாண்டியிருந்தா கேஸைக் கழட்டிட்டு சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மூடி வளையத்தை இழுத்து விடுங்க. கேஸ் மாட்டாம இருக்கும்போதே, குளிரும் மாறாம, மீட்டர் நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போனா உள்ள ஈஸ்ட் புகுந்து நொதிக்குதுன்னு அர்த்தம், அழுத்தத்தை விட்டுட்டு எல்லாத்தையும் கொட்டிருங்க. சீனி உள்ள பானம், அதனால குளிர்லயே வச்சு ரெண்டு வாரத்துக்குள்ள குடிச்சு முடிங்க.

தைப்பூசத்துக்குத் தண்ணிமலை போற வழியில பந்தல்ல குடுக்கணும்னு எடுத்துட்டுப் போறவங்களுக்கு இதைத் தனியா சொல்றேன். நடந்து களைச்சு வர்றவங்களுக்கு சில்லுனு இஞ்சி சோடா குடுக்கிறது பெரிய புண்ணியம், ஆனா 3.5 வால்யூம் ஏறின கெக் 30 டிகிரிக்கு சூடானா உள்ள அழுத்தம் 57 பிஎஸ்ஐ ஆயிரும். கெக் அதைத் தாங்கும், ஊத்துறதுதான் நடக்காது. பெரிய குப்பைத் தொட்டி புதுசா ஒண்ணு வாங்கி, கெக்கை நிறுத்தி, கழுத்து வரைக்கும் ஐஸும் தண்ணியும் போடுங்க, குழாய்ச் சுருளும் ஐஸுக்குள்ள இருக்கட்டும். வண்டியில ஆடி வந்ததுக்கு ஒரு மணி நேரமாவது ஆற விடுங்க. சிலிண்டரை நிழல்ல, யாரும் இடறாத மாதிரி பந்தல் கம்பத்தோட கட்டிருங்க.

காலியானதும் அன்னைக்கே கழுவுங்க. மூடியைத் திறக்குறதுக்கு முன்னாடி அழுத்தத்தை முழுசா விட்டிருக்கணும், மறந்துராதீங்க. வெந்நீர்ல பெர்கார்பனேட் தூள் போட்டு ஊற வச்சு, அதே தண்ணியைக் குழாய் வழியாவும் டேப் வழியாவும் விடுங்க. குளோரின் ப்ளீச் ஸ்டீலைப் பொத்தல் போடும், அது பக்கமே போகாதீங்க. போஸ்ட்டைக் கழட்டி ரப்பர் வளையம் எல்லாத்தையும் எடுத்துப் பாருங்க, இஞ்சி வாசனை ரப்பர்ல ஏறினா கழுவினாலும் போகாது, அடுத்து ஜாதிக்காய் போடப் போறீங்கன்னா வளையங்களைப் புதுசா மாத்திருங்க, இல்ல இஞ்சிக்குன்னே ஒரு கெக்கை ஒதுக்கி வச்சிருங்க.